பின்கயிறு பிடித்தவன்

மழைக்காலத்தில் கரிசல் காட்டுக்குள் நடந்திராதவர்களுக்காக முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். தூறல் விட்ட மறுநாள் இறங்கினால் முதல் எட்டிலேயே செருப்பு போய்விடும். அதன்பின் வெறுங்காலில் மண் அப்பிக்கொண்டே வரும். கொஞ்ச தூரத்தில் ஒவ்வொரு காலும் ஆட்டுக்கல் கனம் கனக்கும். நின்று குச்சியால் வழித்துப் போட்டுவிட்டு மறுபடி நடக்க வேண்டும். மழை விடாமல் அடித்தாலோ மண் ஒட்டாது, விழுங்கும். முழங்கால் வரைக்கும் போகும், பள்ளமான இடத்தில் தொடை வரைக்கும். அப்போது வண்டி, டிராக்டர் ஒன்றும் உள்ளே போகாது. மனிதர்களும் போகமாட்டார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஐப்பசியில் அப்படி அடைத்துக்கொண்டு பெய்தது. கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகும் ரோட்டை ஒட்டி எங்கள் ஊர். ஊர்க் கடைசியில் இருந்த தீப்பெட்டிக் கம்பெனியில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பருத்தி போடும் எங்கள் காடு ரோட்டிலிருந்து இரண்டு மைல் உள்ளே. அங்கே ஒரு கிணறு, ஒரு மோட்டார் ரூம். அம்மா இறந்தபிறகு அய்யாவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. எழுபத்துநாலு வயதில் அந்த ரூமிலேயே பொங்கித் தின்றுகொண்டு கிடந்தார். மழை பிடிக்குமுன் வந்துவிடுங்கள் என்று மூன்று பேரிடம் சொல்லிவிட்டேன். மூன்று பேரும் சொன்னார்கள். அவர் வரவில்லை.

அந்த மழையில்தான் என் தம்பி பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்தான்.

நான் படித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டதால், இளையவன் காட்டைப் பார்த்துக்கொள்வான் என்று அய்யா இருந்தார். அவன் யாரிடமும் சொல்லாமல் திருநெல்வேலிக்குப் போய் ஆள் எடுப்பில் நின்று பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். அன்றிலிருந்து அய்யா அவனிடம் நேராகப் பேசவில்லை. பதினோரு வருஷம். அவன் எதிரே நிற்கும்போதே என்னைப் பார்த்து, "வந்தவன் எத்தனை நாள் இருக்கானாம்" என்பார். அவனும் என்னைப் பார்த்து, "இருவது நாள்னு சொல்லுங்கண்ணே" என்பான். எங்கள் பக்கத்தில் இப்படி இருக்கும் வீடுகள் ஒன்றிரண்டு இல்லை. அண்ணன் தம்பி, மாமனார் மருமகன் என்று ஏழு வீட்டை என்னால் எண்ணிச் சொல்ல முடியும். சண்டை கிடையாது, சோறு தண்ணீர் உண்டு, பேச்சு மட்டும் மூன்றாம் ஆள் வழியாகப் போகும். எங்கள் வீட்டில் அந்த மூன்றாம் ஆள் நான்.

தம்பியை அதற்கு முந்தைய இரண்டு குளிர்காலமும் வடக்கே பனிமலையில் போட்டிருந்தார்கள். ஒரு காவல் முகாமிலிருந்து அடுத்ததற்குப் பனிமேல் போய்வர வேண்டும். நடந்தால் இடுப்பு வரைக்கும் இறங்கிவிடுமாம். அதனால் ஆள் உயரத்துக்கு இரண்டு பலகையைக் காலில் மாட்டிக்கொண்டு சறுக்கிப் போவார்களாம். ஏறும்போது விரலை மட்டும் பலகையோடு பிணைத்து, குதிகாலை விட்டுவிட வேண்டும். இறங்கும்போது குதிகாலையும் சேர்த்துப் பூட்ட வேண்டும். இதை அவன் டீக்கடையில் சொன்னபோது எங்கள் மாமா ஒருவர் இருந்தார். அவர் காடும் எங்கள் காடும் ஒரே வரப்பு.

"ஏன் மாப்ளே, பலகையக் கால்ல கெட்டிக்கிட்டு வழுக்கி விழுததுக்கா கவருமெண்டு சம்பளம் குடுக்கு?"

"விழாம இருக்கதுக்குத்தான் மாமா குடுக்காங்க."

"அப்பம் நீரு எத்தன தடவ விழுந்தீரு?"

"அத எண்ணுததுக்கு எங்கண்ணன்லா வரணும்."

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

மறுநாள் காலையில் அதே மாமாதான், இடுப்பு வரைக்கும் சேறோடு வந்து எங்கள் வாசலில் நின்றார். மாடு தேடிப் போனவர் மோட்டார் ரூமை எட்டிப் பார்த்திருக்கிறார். அய்யா படியில் வழுக்கி விழுந்து முந்தின நாளிலிருந்து கிடக்கிறார். வலது இடுப்பை அசைக்க முடியவில்லை.

எட்டுப் பேர் ஒரு கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனோம். போய்ச் சேரவே உச்சியாகிவிட்டது. அய்யாவைக் கட்டிலில் ஏற்றித் தூக்கியதும் எங்களோடு அவர் கனமும் சேர்ந்துகொண்டது. கிணற்றடி தாண்டுவதற்குள் கட்டிலின் முன்காலைப் பிடித்த இரண்டு பேர் தொடை வரைக்கும் இறங்கினார்கள். கட்டில் சாய்ந்து அய்யா உருண்டார். அவர் அலறி அதற்குமுன் நான் கேட்டதில்லை.

"என்னய இங்கனயே போட்டுட்டுப் போங்கடா" என்றார்.

மறுபடி ரூமுக்குள் படுக்க வைத்தோம். மாமா அவருக்குத் துணையாக இருந்துகொண்டார். ஊருக்குத் திரும்பி, ரோட்டோரம் கிளினிக் வைத்திருந்த டாக்டரிடம் விவரம் சொன்னேன். இடுப்பைப் பற்றி அவர் அதிகம் கேட்கவில்லை. ஒன்றுக்குப் போகிறாரா என்றுதான் கேட்டார். விழுந்ததிலிருந்து போகவில்லை, அடிவயிறு வீங்கியிருக்கிறது என்றேன்.

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துருங்க. அதுக்குமேல தள்ளுனா இடுப்பு பிரச்சினை இல்ல, உசுரு பிரச்சினை" என்றார் அவர்.

அடுத்த நாள் விடிந்ததும் தம்பி, வீடு கட்டிக்கொண்டிருந்த ஓரிடத்தில் நான்கு சென்ட்ரிங் பலகை கேட்டு வாங்கிவந்தான். முனைகளைச் சீவி, வெந்நீர் ஊற்றிக் கொஞ்சம் வளைத்தான். சைக்கிள் டியூபைக் கிழித்து விரல் நுழைய வார் கட்டினான். குதிகாலுக்கு ஒன்றும் கட்டவில்லை. நான்கு மூங்கில் கழியின் அடியில் சிரட்டையைக் கவிழ்த்து இறுக்கினான், கழி சேற்றுக்குள் இறங்காமல் இருக்க. மாட்டுத்தொழுவத்துத் தகரக் கதவைக் கழற்றி, முன்பக்கத்தைச் சுத்தியலால் தட்டி மேல்நோக்கி மடக்கினான். அதுதான் அய்யாவை ஏற்றிவரும் வண்டி. கதவில் பதினான்கு திருகாணி இருந்தது. ஒன்றுகூட அடியில் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்று பதினான்கையும் எடுக்கச் சொன்னான். எடுத்தேன்.

காட்டு விளிம்பில் பலகையைக் கட்டிக்கொண்டு இறங்கினான். பலகை முங்கவில்லை. ஆனால் பத்துப் பதினைந்து எட்டில் அடியில் கரிசல் அப்பிக்கொண்டது. பனி தெரிந்த அவனுக்கு இந்த மண் மறந்துபோயிருந்தது. காலை இழுக்க முடியாமல் நின்றான்.

கரையிலிருந்து ஒருவர் சொன்னார்: "வாங்க தம்பி, மெனக்கெட்டது போதும்."

அவன் பலகையைப் புரட்டிப் போட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னிடம், "அண்ணே, ஒங்க கம்பெனில மெழுகு இருக்குல்லா?" என்றான்.

தீக்குச்சியில் மருந்து முக்குமுன் மெழுகில் முக்குவார்கள், குச்சி நின்று எரிவதற்காக. கம்பெனியில் மெழுகுக்குப் பஞ்சமில்லை. மலையிலும் பலகைக்கு மெழுகு தேய்ப்பார்களாம், பனி ஒட்டாமல் இருக்க. முதலாளி அண்ணாச்சியிடம் ஓடினேன். அவர் கல்லாவிலிருந்து நிமிராமல், "எவ்வளவு வேணும்?" என்றார். நாலு கட்டி என்றேன். "ஆறா எடுத்துக்கிடும். அய்யாவ மொதல்ல கொண்டுவாரும்" என்றார். உருக்கிப் பலகைக்கும் தகரத்துக்கும் அடியில் பூசினோம். ஆறியபின் தம்பி துணியால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கினான். அதற்குள் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. அதுவும் நல்லதாகப் போயிற்று. மண்ணுக்குமேல் ஒரு விரற்கடைத் தண்ணீர் நின்றது.

இந்த முறை பலகை போயிற்று.

என்னால்தான் போக முடியவில்லை. விழுந்துகொண்டே இருந்தேன். ஐந்தாவது தடவை தூக்கிவிட்டபோது தம்பி சொன்னான்:

"காலத் தூக்காதீங்கண்ணே. தள்ளுங்க."

"தூக்காம எப்படிலே நடக்க?"

"இது நடக்கதில்ல. மறந்துருங்க."

நாற்பத்தாறு வயது வரைக்கும் இந்த மண்ணிலிருந்து காலைப் பிடுங்கி உதறிப் பழகியவன் நான். என் ஊர்க்காரர் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார். அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டுக் காலைத் தரையோடு தள்ளியதும் பலகை தானாக முன்னால் ஓடியது. தூரத்தில் மழைக்குள் கழுகுமலைப் பாறை மங்கலாகத் தெரிந்தது. அதை இடது தோளுக்கு வைத்துக்கொண்டு போனோம். வரப்பு, பாதை ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த காடாகவே அது இல்லை.

கதவு காலியாக இருந்ததால் பேச மூச்சு இருந்தது. திரும்பும்போது எப்படி என்று அவன் விளக்கினான். முன்கயிற்றை இடுப்பில் கட்டி அவன் இழுப்பான். நான் பின்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கதவு பக்கவாட்டில் ஓடாமலும் சரிவில் அவன்மேல் போய் மோதாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"முன்னால இழுக்கவன் திரும்பிப் பாக்கக் கூடாதுண்ணே. திரும்புனா கயிறு தளரும், வண்டி பொதஞ்சிரும். பின்னால வாரவன்தான் பாத்துச் சொல்லணும்."

"என்னத்தச் சொல்ல?"

"இருக்காரா இல்லையான்னு."

எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. "நல்ல வார்த்த பேசுலே" என்றேன்.

கழியை ஊன்றிக் கொஞ்ச தூரம் தள்ளினான். பிறகு மலையில் நடந்ததைச் சொன்னான். போன குளிர்காலத்தில் ஆறு பேராகப் பலகையில் போயிருக்கிறார்கள். மேலிருந்து பனி சரிந்து ஒருவனை அடித்துவிட்டது. தோண்டி எடுத்தபோது பேசினானாம். நெஞ்சில் அடி. பலகைகளைச் சேர்த்துக் கட்டி அதில் அவனைக் கிடத்தி இழுத்திருக்கிறார்கள். முன்கயிறு, அடிபட்டவனின் ஊர்க்காரன். சின்ன வயதிலிருந்தே ஒன்றாக வளர்ந்தவர்கள். பின்கயிறு என் தம்பி. காற்று முகத்தைக் கிழிக்கிற நேரம். முன்னால் போனவன் கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் இருக்கானா என்று இந்தியில் கத்துவானாம். இவன் இருக்கான் என்று கத்துவானாம்.

"ஒரு மேட்டுல ஏறும்போது தொட்டுப் பாத்தேன். போயிட்டான். அதுக்கப்புறம் பாதித் தூரத்துக்குமேல கெடக்கு. சொன்னா அவன் அங்கனயே உக்காந்துருவான். உக்காந்தா அவனும் போயிருவான், நாங்களும் போயிருவோம். அவன் கேக்கக் கேக்க, இருக்கான் இருக்கான்னு சொல்லிக்கிட்டே வந்தேன்."

"வேற என்ன செய்ய முடியும்?" என்றேன்.

"முகாம்ல எறக்குனதும் அவனுக்குத் தெரிஞ்சிபோச்சு. எந்த எடத்துலேருந்து பொய் சொன்னன்னு ஒண்ணே ஒண்ணு கேட்டான். நான் சொல்லல. அதோட எங்கூடப் பேச்சு இல்ல."

மோட்டார் ரூம் தெரிந்தது.

அய்யா முகம் சாம்பல் பூத்திருந்தது. எங்களையும் காலில் கட்டிய பலகையையும் பார்த்தார். மாமா விஷயத்தைச் சொன்னதும் என்னிடம், "அவன் இழுக்கதுல நான் வரலன்னு சொல்லு" என்றார். நான் சொல்ல வாயெடுக்குமுன் தம்பி அவர் பக்கத்தில் மண்டிபோட்டுவிட்டான். இரண்டு கால்களுக்கும் நடுவில் சாக்கை மடித்து வைத்தான். கால் இரண்டையும் சேர்த்து, இடுப்பிலிருந்து கணுக்கால் வரைக்கும் வேட்டித் துணியால் ஐந்து இடத்தில் கட்டினான். ஒவ்வொரு முடிச்சிலும் விரலை விட்டுப் பார்த்தான். அய்யா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி வரமாட்டேன் என்று சொல்லவில்லை.

கதவில் வைக்கோல் பரப்பி, மேலே தார்ப்பாய் போர்த்தி, மூன்று பேருமாகத் தூக்கி வைத்தோம். மாமா முதல் தள்ளு தள்ளிவிட்டார். கதவு சத்தமில்லாமல் நகர்ந்தது. முந்தின நாள் அலறிய மனிதர் இந்தத் தடவை ஒரு முனகலோடு சரி.

கிணற்றடி தாண்டியதும் முன்னாலிருந்து கேட்டான்.

"அண்ணே, இருக்காரா?"

"இருக்காரு."

நான் எண்ணத் தொடங்கியது அங்கேதான். முதல் ஐந்தாறு தடவை இதே கேள்வி, இதே பதில். பிறகு கேள்வி சீக்கிரம் சீக்கிரம் வர ஆரம்பித்தது. பதில் சொல்லி வாய் மூடுமுன் அடுத்ததைக் கேட்டான். அவன் தோள் திரும்பத் துடிப்பது எனக்குப் பின்னாலிருந்தே தெரிந்தது. பன்னிரண்டாவது தடவை நின்றேவிட்டான். கதவின் முன்பக்கம் மண்ணில் இறங்கியது. அய்யா பல்லைக் கடித்தார்.

"என்னலே நிக்க?"

"நெசமா இருக்காரா?"

"இருக்காருன்னு சொல்லுதேன்ல."

"நானும் அப்படித்தான சொன்னேன்" என்றான், முகத்தைத் திருப்பாமல்.

அவன் முதுகைப் பார்த்தபடி நின்றேன். என் வார்த்தை அவனுக்குச் செல்லாது. பதினோரு வருஷமாக இருவருக்கும் நடுவில் வார்த்தை கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். அன்றைக்குத்தான் அதற்குப் பலனில்லாமல் போயிற்று. அய்யாவின் காதருகே குனிந்தேன்.

"அய்யா, நீங்க ஒரு வார்த்த பேசுங்க. ஒங்க சத்தம் கேட்டாத்தான் அவன் இழுப்பான்."

"எதுக்காம்?"

"ஒங்க உசுரு இருக்கான்னு அவனுக்குத் தெரியணும்."

அய்யா கண்ணை மூடிக்கொண்டார். தார்ப்பாயில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது. முன்கயிறு தளர்ந்து தண்ணீரில் கிடந்தது. எங்களுக்கு இன்னும் முக்கால்வாசித் தூரம் பாக்கி. சாயங்காலத்துக்குள் என்று டாக்டர் சொன்னது என் மண்டையில் ஓடியது. மறுபடி கெஞ்சலாம் என்று வாயெடுத்தேன்.

"ஏலே" என்றார் அய்யா.

என்னையல்ல. தம்பியின் முதுகு விறைத்தது.

"காட்டப் பாக்க வக்கில்லாம ஓடிப்போன பய. இழுலே."

கயிறு இறுகியது. கதவு மண்ணைவிட்டுக் கிளம்பியது.

அதன்பின் அவன் கேட்கும்போதெல்லாம் அய்யாவே பதில் சொன்னார். பதில் என்பது வசவுதான். பதினோரு வருஷத்தில் சேர்ந்தது ஒவ்வொன்றாக வந்தது. சொல்லாமல் போனது, அம்மா சாவுக்குத் தந்தி கிடைத்தும் மூன்றாம் நாள் வந்து நின்றது, பருத்தி போட்ட வருஷம் ஆளில்லாமல் காய் வெடித்து மழையில் நனைந்தது. ஒவ்வொரு வசவுக்கும் தம்பி "ஆமாய்யா" என்று சொல்லிக்கொண்டே இழுத்தான். நடுவில் ஒருதரம் அய்யா, "பின்னால இருக்கவன் என்னத்தப் பிடிச்சிக்கிட்டு வாரான், தூங்குதானா?" என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்.

ரோட்டுக்கு முன்னால் ஓர் ஓடை. அதன் சரிவில் இறங்கும்போது பின்கயிற்றை நான் முழு பலத்தோடு பிடிக்க வேண்டியிருந்தது. தண்ணீர் முழங்காலளவுதான். பலகையைக் கழற்றி, கதவை மிதக்கவிட்டுத் தள்ளிக் கரையேற்றினோம். மறுபடி கட்டிக்கொண்டு கிளம்பியபோது தம்பி கேட்டான்.

"அய்யா?"

பதில் இல்லை.

குனிந்து பார்த்தேன். வாய் திறந்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. மூக்கருகே விரல் வைத்தேன். மூச்சு வந்தது.

"இருக்காருலே. அசந்துட்டாரு. மூச்சு வருது."

அவன் நின்றான். காலை வாரிலிருந்து உருவினான். பலகையை விட்டு இறங்கினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் இறங்கினான். தொடை வரைக்கும் போய்விட்டது. அப்படியே சேற்றை நெஞ்சால் தள்ளிக்கொண்டு கதவின் ஓரத்துக்கு வந்து, தார்ப்பாயை விலக்கி, அய்யாவின் நெஞ்சில் காதை வைத்தான். மழை அவன் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. காதை எடுக்கவே இல்லை. நான் அவனை அவசரப்படுத்தவில்லை.

ரோட்டில் நின்றவர்கள் எங்களைப் பார்த்துவிட்டார்கள். கயிறு வீசினார்கள். முதலில் கதவை இழுத்துக் கரையேற்றினோம். பிறகு தம்பியை நான்கு பேர் பிடித்து வெளியே எடுத்தோம்.

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் குழாய் போட்டு மூத்திரத்தை எடுத்தார்கள். ஒரு நாள் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார்கள். இடுப்புக்குப் பின்னால் வைத்தியம் ஆனது. அய்யா ஒரு கால் குட்டையாகி, கம்பு ஊன்றி, அதன்பின் ஐந்து வருஷம் இருந்தார்.

அன்று வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். தம்பியின் உள்ளங்கை இரண்டும் தோலுரிந்திருந்தது.

"அண்ணே, நீங்க பின்னாலேருந்து சொன்னது அம்புட்டும் நெசந்தானா?"

"நீ இருவத்தேழு தடவ கேட்ட. நான் பதில் சொன்னது பதிமூணு தடவ. ஒவ்வொரு தடவயும் பாத்துட்டுத்தான் சொன்னேன்."

"சரி."

"உள்ள உசுரோட படுத்திருக்காரு. இன்னும் என்னலே?"

"ஒண்ணுமில்ல. நீங்க சொன்னது ஒண்ணயும் நான் நம்பலண்ணே. நம்பாமத்தான் இழுத்தேன்." தோலுரிந்த உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். "அங்க முன்கயிறு பிடிச்சவனும் நம்பிருக்க மாட்டானோ என்னமோ. அந்த மேட்டுலயே அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சும் கேட்டுக்கிட்டே வந்திருக்கான்."

எனக்கு அந்த ஆளைத் தெரியாது. மலையையும் தெரியாது.

லீவு முடிய இன்னும் ஆறு நாள் இருக்கும்போதே தம்பி கிளம்பினான். மலையில் முன்கயிறு பிடித்த அந்த ஊர்க்காரன் வேறு பட்டாலியனுக்கு மாற்றலாகிப் போயிருந்தான். போகிற வழியில் இறங்கி அவனைப் பார்க்கப் போவதாகச் சொன்னான். எந்த இடத்திலிருந்து என்று அவன் கேட்டதற்கு, அந்த மேட்டிலிருந்துதான் என்று சொல்லிவிட வேண்டும் என்றான்.

அவன் போனானா, சொன்னானா, அந்த ஆள் என்ன சொன்னான் என்பது எனக்குத் தெரியாது. அடுத்த லீவில் வந்தான், அதற்கடுத்த லீவிலும் வந்தான். எதையும் தோண்டித் தோண்டிக் கேட்கிறவன் என்று என் வீட்டில் எனக்குக் கெட்ட பெயர் உண்டு. இதை மட்டும் நான் கேட்கவில்லை. என்ன பதில் வந்தாலும் அதை நம்புவதா வேண்டாமா என்று எனக்குத் தெரிந்திருக்காது.